உபரி மனிதர்களும் ஒரு தேசாதிபதியின் பெயரும்

கண்டிக்கு வேலையாகப் போகும் நாட்களில், காலையில் உடவத்தகெலே காட்டுக்குள் ஒரு சுற்று ஓடிவருவது எனக்குப் பழக்கம். தலதா மாளிகைக்குப் பின்புறமாக மேலே போகும் வீதி காட்டின் வாசலில் முடியும். உள்ளே காலடி வைத்ததும் நகரத்தின் ஹோர்ன் சத்தம் குறைந்து பறவைகளின் சத்தம் கூடிவிடும். பாதை மெதுவாக ஏறும், சரியும், மறுபடி ஏறும். காட்டின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 635 மீற்றர். கண்டி வாவியிலிருந்து பார்த்தால் நூறு மீற்றர் சொச்சம்தான் உயரம். பயிற்சி உள்ளவருக்குப் பெரிய ஏற்றமில்லை. என்னைப் போல நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு இரண்டாவது ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். மழைக்காலம் என்றால் சப்பாத்துக்குள் அட்டை ஏறும். வேர்கள் பாதையின் குறுக்கே கிடப்பதால் தலையைக் குனிந்தபடியே ஓடவேண்டும்.

இது ஒரு சுற்றுப்பாதை. தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். அதன் பெயர் லேடி ஹோட்டன் பாதை. இந்தக் காட்டில் அந்தக் காலத்துத் தேசாதிபதிகளின் மனைவியர் பெயரில் இன்னும் சில பாதைகள் உண்டு. கண்டி மன்னர்கள் காலத்தில் சாதாரண மக்கள் நுழையக்கூடாத அரச வனமாக இருந்த இடம், ஆங்கிலேயர் வந்தபின் அவர்களுடைய சீமாட்டிகளின் உலாவிடமானது.

இந்த லேடி ஹோட்டனின் கணவர் பெயரிலும் நமது மலைநாட்டில் ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. பத்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாதையைப் பாடசாலைச் சுற்றுலாவிலாவது நம்மில் பலர் நடந்திருப்போம். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் ஹோட்டன் சமவெளிப் பாதைதான் அது. ஒரு வீட்டிலிருந்து இரண்டு மலைப்பாதைகள். அந்த வீட்டுக்காரர் யார் என்று தேடியபோது, கவிதை, எரிக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி, கனடாவுக்குப் போன கப்பல்கள், கோப்பித் தோட்டங்கள் என்று கதை எங்கெங்கோ போனது. கடைசியில் அது நமது மலையகத்தில் வந்து நின்றது.

றொபேட் ஜோன் வில்மட் 1784 டிசம்பர் 21இல் இங்கிலாந்தில், டர்பிஷயர் பகுதியின் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். ஈட்டன் பாடசாலை, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் என்று அந்த வர்க்கத்துப் பிள்ளைகள் போகும் வழியிலேயே போனார். 1806இல் ஆன் பியட்ரிக்ஸ் ஹோட்டன் என்ற பெண்ணை மணந்தார். மாமனாருக்குக் கற்றன் என்ற ஊரில் பெரிய மாளிகையும் நிலமும் இருந்தன. மாமனாரின் மரணசாசனத்தின்படி 1823இல் அவருடைய குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் வில்மட், வில்மட் ஹோட்டன் ஆனார். நமது வரைபடத்தில் இன்று இருப்பது உண்மையில் அவருடைய மனைவி வீட்டுப் பெயர்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் அவருடைய நெருங்கிய உறவினர். பைரனின் தந்தையும் வில்மட்டின் தாயும் உடன்பிறந்தவர்கள். 1814 ஜூனில் லண்டனில் நடந்த ஒரு விருந்துக்கு ஆன் துக்கம் காக்கும் கறுப்பு உடையில் வந்திருந்தார். அந்த உடையில் மின்னும் பொட்டுகள் தைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்த பைரன் எழுதிய சிறு கவிதை, இன்றுவரை ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கவிதைகளில் ஒன்று. இரவையும் நட்சத்திரங்களையும் ஒரு பெண்ணின் அழகுக்கு ஒப்பிடும் அந்தக் கவிதையின் நாயகிதான் பின்னாளில் கண்டிக் காட்டுக்குள் உலாவிய லேடி ஹோட்டன்.

கணவருக்குக் கவிதையைவிடக் கணக்கில்தான் ஈடுபாடு. 1818இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1821இல் யுத்தத்துக்கும் குடியேற்ற நாடுகளுக்குமான அமைச்சின் துணைச் செயலாளர் பதவி கிடைத்தது. 1828 வரை அந்தக் கதிரையில் இருந்தார். பேரரசின் தூர தேசங்களிலிருந்து வரும் கடிதங்களெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்தக் காலத்தில் பிரித்தானியாவை ஆண்டவர்களை ஒரு கேள்வி தூங்கவிடாமல் செய்தது. நெப்போலியனுடனான யுத்தம் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். இயந்திரங்கள் கைத்தறிக்காரரின் வயிற்றில் அடித்தன. அயர்லாந்தின் கிராமங்களில் பசி. வேலையற்றவர்களுக்கு அந்தந்த ஊர்ச்சபை வரி அறவிட்டு உதவி கொடுக்கவேண்டும் என்பது சட்டம். வரி கட்டும் நிலவுடைமையாளர்கள் முணுமுணுத்தார்கள். சனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் என்று சொன்ன மல்தஸின் கருத்துகள் அப்போது பெரிதும் பேசப்பட்டன.

ஹோட்டன் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். வேலைக்குத் தேவைப்படாத ஏழைகள் நாட்டுக்கு உபரி. குடியேற்ற நாடுகளில் நிலம் உபரி. ஒன்றை மற்றதோடு சேர்த்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். ஊர்ச்சபைகள் தங்கள் வறியோர் வரியை ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம். அந்தப் பணத்தில் விரும்பிய ஏழைகளைக் கப்பலேற்றலாம். போகிறவர் இனிமேல் ஊரிடம் உதவி கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இதுதான் அவருடைய திட்டத்தின் சாரம்.

அதை அவர் பரிசோதித்தும் பார்த்தார். 1823இல் அயர்லாந்தின் தென்பகுதியிலிருந்து 568 பேரும், 1825இல் 2,024 பேரும் அரச செலவில் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பீற்றர் றொபின்சன் என்ற கனடா அரசியல்வாதி அந்தப் பயணங்களைப் பொறுப்பேற்று நடத்தினார். குடியேறியவர்களுக்கு 70 ஏக்கர் நிலம், தொடக்க காலத்துக்கு உணவு, காடு வெட்டக் கருவிகள் எல்லாம் கொடுக்கப்பட்டன. வந்திறங்கிய முதல் பருவத்திலேயே காய்ச்சலில் பலர் இறந்தார்கள். தப்பியவர்கள் காட்டை வெட்டிக் கமக்காரர் ஆனார்கள். றொபின்சனின் பெயரால் பீற்றர்பறோ என்றழைக்கப்படும் அந்த ஊர் இன்று ஒன்ராறியோ மாகாணத்தில், நமது உறவுகள் இலட்சக்கணக்கில் வாழும் ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கே நிலம் உபரியாகக் கிடந்தது என்பதும் ஆண்டவர்களின் கணக்குத்தான். அது மிசிசாகா பழங்குடி மக்களின் நிலம். 1818இல்தான் ஓர் உடன்படிக்கை மூலம் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் ஹோட்டனின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம். 1824 ஏப்ரலில் பைரன் கிரேக்க நாட்டில் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகள் அச்சேறினால் குடும்ப மானம் போய்விடும் என்று சிலர் பயந்தார்கள். மே 17ஆம் திகதி, லண்டனில் பைரனின் பதிப்பாளரான ஜோன் மரேயின் வீட்டில் ஆறேழு பேர் கூடினார்கள். பைரனின் சகோதரியின் சார்பில் போனவர் ஹோட்டன். வாக்குவாதத்தின் முடிவில் அந்தக் கையெழுத்துப் பிரதி கணப்படுப்பில் போடப்பட்டது. ஒரு பெருங்கவிஞன் தன்னைப்பற்றித் தானே எழுதியது அன்றோடு உலகத்துக்கு இல்லாமல் போனது. மனைவியை வரிகளில் நிலைக்கவைத்தவரின் சொந்த வரிகள் எரிந்தபோது கணவர் பக்கத்தில் நின்றார்.

ஹோட்டன் கெட்ட மனிதர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கத்தோலிக்கருக்குச் சம அரசியல் உரிமை வேண்டும் என்று, தன் கட்சிக்காரர் பலர் முகம் சுளித்தபோதும் எழுதினார். 1826இலும் 1827இலும் குடிபெயர்வு குறித்துப் பாராளுமன்ற விசேட குழுக்களை அமைக்கவைத்துத் தானே தலைமை தாங்கினார். மல்தஸும் அங்கு வந்து சாட்சியம் சொன்னார். திறைசேரி பணம் கொடுக்க மறுத்தது. எதிராளிகள் கேலி செய்தார்கள். சளைக்காமல் துண்டுப்பிரசுரம் மேல் துண்டுப்பிரசுரமாக எழுதினார். லண்டனில் தொழிலாளர் படிக்கும் நிறுவனமொன்றுக்கே போய், கூலி ஏன் குறைகிறது என்று விரிவுரை நடத்தினார். ஏழைகளை அவர் வெறுத்ததாகத் தெரியவில்லை. அவர்களை எண்ணினார். எண்ணிக்கையில் கூடியவர்களை எங்கே வைப்பது என்று யோசித்தார். அவருடைய சிந்தனையின் பலமும் பிழையும் அதற்குள்தான் இருந்தன.

லண்டனில் அவருடைய அரசியல் தேய்ந்தபோது இலங்கைத் தேசாதிபதி பதவி கிடைத்தது. 1831 ஒக்ரோபர் 23இல் பொறுப்பேற்றார். 1837 நவம்பர் வரை ஆறு வருடங்கள் இங்கே இருந்தார்.

அந்த ஆறு வருடங்களில் நடந்தவற்றை நாம் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக் சீர்திருத்தம் என்ற தலைப்பின்கீழ் படித்திருக்கிறோம். அந்த விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது ஹோட்டன் லண்டனில் துணைச் செயலாளராக இருந்தார். அதன் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தபோது கொழும்பில் தேசாதிபதியாக இருந்தார். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதுவரை வீதி போடவும் பாலம் கட்டவும் மக்களைக் கூலியில்லாமல் அழைத்துக்கொண்ட அரசு, இனிக் கூலி கொடுக்கவேண்டும் என்றானது. 1833இல் சட்டநிரூபண சபையும் சட்டநிர்வாக சபையும் உருவாயின. உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களை நியமிப்பதில் ஹோட்டன் அவசரப்படவில்லை. தமிழர் சார்பில் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி 1835இல் அந்தச் சபைக்குள் போனார். சேர் முத்துக் குமாரசுவாமியின் தந்தை அவர். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பாட்டனார்.

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் தபால் வண்டி ஓடத் தொடங்கியதும் 1832இல்தான். இன்றைய றோயல் கல்லூரியின் தொடக்கமான பாடசாலை அவர் காலத்தில் 1835இல் உருவானது. அரச அச்சகத்திலிருந்து கொழும்பு ஜேர்ணல் என்ற பத்திரிகை 1832இல் வந்தது. தேசாதிபதியே புனைபெயர்களில் அதில் எழுதினார். பைரனின் பிரதி எரிந்த அறையில் நின்றவருக்கு எழுத்தின்மேல் ஆசை மட்டும் குறையவில்லை. அரசே நடத்தி அரசின் தலைவரே எழுதிய அந்தப் பத்திரிகை இரண்டு வருடம்கூடத் தாண்டவில்லை. 1834இல் கொழும்பு வர்த்தகர்கள் ஒப்சேவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். இலங்கையில் அரசுக்கு வெளியே நின்று எழுதும் ஆங்கிலப் பத்திரிகைத்துறையின் தொடக்கம் அது.

கண்டியில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. 1834இல் அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் கண்டிப் பிரதானிகள் சிலர் கைதானார்கள். முதலாம் அதிகாராக இருந்த மொல்லிகொடவும் அதில் ஒருவர். 1835இல் வழக்கு நடந்தது. யூரர் சபை அனைவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. லேடி ஹோட்டன் காட்டுப்பாதையில் காற்று வாங்கிய கண்டிக்கும், மரணதண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்காகப் பிரதானிகள் சிறையிருந்த கண்டிக்கும் இடையில் நடந்துபோகும் தூரம்தான்.

அந்த வருடங்களில்தான் மலைநாட்டின் தலையெழுத்தும் மாறிக்கொண்டிருந்தது. 1833 முதல் முடிக்குரிய காணி ஏக்கருக்கு ஐந்து சிலிங் என்ற அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தது. 1834இல் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி உற்பத்தி சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் அந்தத் தீவுகளின் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே இறக்குமதித் தீர்வை என்றானது. முதலீட்டாளர்கள் காடுகளைத் தேடி மலையேறத் தொடங்கினார்கள். ஹோட்டன் போன பின்னர் வந்த வருடங்களில் அரச உயரதிகாரிகளும் படை அதிகாரிகளும்கூடப் போட்டிபோட்டுக் காணி வாங்கினார்கள்.

காணி கிடைத்தது. கைகள்? இராஜகாரியத்திலிருந்து விடுபட்ட கண்டிக் கிராமத்தவர், தன் வயலை விட்டுவிட்டு வெள்ளைக்காரத் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக இருக்க விரும்பவில்லை. 1820களிலேயே தென்னிந்தியாவிலிருந்து சிறு தொகையில் தொழிலாளர் வந்திருந்தார்கள். 1830களின் பிற்பகுதியிலிருந்து அது பெருவெள்ளமானது. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் பக்கங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாருக்குப் பின்னால் வந்தார்கள். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள்.

ஹோட்டனின் கணக்கை இங்கே மறுபடி பார்க்கவேண்டும். ஓர் இடத்தில் உபரி மனிதர், இன்னோர் இடத்தில் ஆளில்லா நிலம், நடுவில் ஒரு கடல். அயர்லாந்திலிருந்து போனவருக்குக் கப்பலும் உணவும் 70 ஏக்கர் சொந்த நிலமும் கிடைத்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குக் கங்காணியின் கடனும் லயன் அறையும் கிடைத்தன. தென்னிந்தியத் தொழிலாளரை இங்கே கொண்டுவந்த திட்டத்தை ஹோட்டன் வகுத்தார் என்று சொல்லமுடியாது. அதற்குத் தேவையான கதவுகளில் சில அவருடைய ஆட்சியில் திறந்தன. மனிதரை எண்ணிக்கையாகப் பார்க்கும் கண் அவருக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது.

ஹோட்டன் சமவெளிக்கு வருவோம். இரண்டு இளம் படை அதிகாரிகள் 1830களில் அந்த மேட்டுநிலத்துக்குப் போனார்கள். அதைத் தாங்கள் கண்டுபிடித்ததாக அறிவித்து, அப்போதைய தேசாதிபதியின் பெயரை வைத்தார்கள். ஏற்கெனவே அதற்கு மகா எலிய என்று பெயர் இருந்தது. சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் புல்வெளியும், கட்டையாக வளைந்து நிற்கும் கீன மரங்களும், பாசி தொங்கும் முகிற்காடுமாக இருக்கும் இடம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைநாட்டுக் காடுகளை விழுங்கியபோது, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று 1873இல் நிர்வாக உத்தரவு வந்தது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனை அது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியும் அதுதான். காலையில் வெள்ளனப் போய்ச் சுற்றுப்பாதையில் நடந்து, உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், முகில் விலகும் நேரத்தில் தேயிலைத் தோட்டங்களும் லயன்களின் கூரைகளும் சின்னதாகத் தெரியும்.

ஹோட்டன் 1837இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். தந்தை இறந்ததால் 1834இலேயே பரம்பரைச் சேர் பட்டம் அவருக்கு வந்திருந்தது. அதற்குப்பின் பெரிய பதவி எதுவும் வகிக்கவில்லை. 1841 மே 31இல், 56 வயதில் இறந்தார். லேடி ஹோட்டன் அதன் பிறகு முப்பது வருடம் வாழ்ந்து 1871இல் காலமானார். தனது பாதை போட்ட காட்டுக்கு அப்பால், கண்டியைச் சுற்றியிருந்த மலைகளெல்லாம் கோப்பியாக மாறிய காலம் முழுவதும் அவர் உயிரோடு இருந்தார்.

அந்தக் கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை வந்தது. ஆட்சியும் மாறியது. 1948இல் சுதந்திர இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கிடப்பட்டது. தலைமுறைகளாக அந்த மலைகளில் பிறந்து இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடி உபரியானார்கள். இந்தத் தடவை அவர்களை எண்ணியவர்கள் வெள்ளைக்காரர் அல்ல. ஐரிஷ் ஏழைக்குப் போவதா வேண்டாமா என்று கேட்கும் அளவுக்காவது ஹோட்டனின் திட்டத்தில் இடமிருந்தது. கொழும்பும் டெல்லியும் அதைக்கூடக் கேட்கவில்லை.

2023 ஜூலை இறுதியில் மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வந்து இருநூறு வருடங்கள் ஆனதை நினைவுகூரும் நடை. மூதாதையர் வந்த திசையிலேயே, ஊர் ஊராக நின்று, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். காணியும் வீடும் சமமான பிரஜைக்குரிய மதிப்பும் அவர்கள் வைத்த கோரிக்கைகள். அயர்லாந்தின் ஏழைக்கு 1823இலேயே கிடைத்த காணித்துண்டை, இருநூறு வருடம் கழித்தும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹோட்டன் சமவெளியின் பெயரை மாற்றவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரை மாற்றுவதில் நமது அரசுகளுக்கு உள்ள ஆர்வம் காணி உறுதி எழுதுவதில் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது அது யாருடைய பெயர், அவர் எதை நம்பினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான பழைய நடைவழிக்கும் பெயர்ப்பலகைகள் வைக்கலாம். விழுந்தவர்கள் கிடக்கும் வழி அது.

உடவத்தகெலே சுற்றை முடித்து வாசலுக்கு வரும்போது வியர்வையில் ரீசேட் ஒட்டியிருக்கும். கீழே வாவிக்கரையில் ஹற்றன், நுவரெலியா பஸ்களுக்குச் சனம் ஓடிக்கொண்டிருக்கும். அட்டை கடித்த இடத்தைத் துடைத்துவிட்டு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். ஹற்றன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் லயன் இருக்கும் நிலத்துக்கு உறுதி இருக்கிறதா என்று நான் கேட்கத் தேவையில்லை. அநேகமாகப் பதில் தெரிந்த கேள்விதான்.